கடைசிப் பந்தி

"புஷ்பா, உங்க அத்தைகிட்ட கேளு. அந்தச் சண்டை தீந்துச்சா, இல்ல அப்பிடியேதான் இருக்குதா?"

வேலிப் படலுக்கு வெளியே, தெருவில் நின்றபடியே கேட்டார் மூப்பர் தானியேல். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஈய வில்லைகள்.

அது பழைய பிரெஸ்பிட்டேரியன் மிஷன் தேவாலயத்துப் பழக்கம். தாது வருஷப் பஞ்சத்தில், கேழ்வரகைக் கூலியாக அளந்து கோயிலைக் கட்டிய ஸ்காட்லாந்து பாதிரியார் ஏற்படுத்திவிட்டுப் போனது. திருவிருந்துக்கு முந்தின நாள் மூப்பர் வீடு வீடாக வருவார். யாரோடும் பகை இல்லாதவர்களுக்கு ஆளுக்கொரு வில்லை. மறுநாள் அதைக் கொடுத்தால்தான் நீள மேசையில் உட்கார்ந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம். பகை இருந்தால் அது தீரும்வரை வில்லை கிடையாது.

மார்த்தாளுக்குப் பதினாறு வருஷமாகக் கிடையாது.

வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அவள் தலை நிமிரவில்லை.

"தீரலன்னு சொல்லு, புஷ்பா."

மருமகள் புஷ்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது? நடுவுல நான் இன்னாத்துக்கு தபால்காரி மாதிரி?"

தானியேல் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளைக்குத்தான் பழைய கோயில்ல கடைசிப் பந்தின்னு சொல்லும்மா. திங்கக்கெழமை ஓடு பிரிக்கிறாங்க. புதுசு காங்கிரீட்டு கட்டடம். அதுல மேசையும் கெடையாது, வில்லையும் கெடையாது. எல்லாரும் வரிசையில நின்னு வாங்கிக்கினு போவணும்னு பாஸ்டர் சொல்லிட்டாரு."

முறம் நின்றது.

அந்த மேசையில், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் மார்த்தாள் முதல் அப்பம் வாங்கினாள். இப்போதெல்லாம் திருவிருந்தன்று சுவருக்கு வெளியே நிற்பாள். பாட்டு காதில் விழும். முடிந்ததும் நடவுக்கோ களையெடுக்கவோ போய்விடுவாள்.

"எனக்கும் ஆசைதான்னு சொல்லு." மார்த்தாள் முறத்தைக் கீழே வைத்தாள். "நைனா ஒக்காந்த எடத்துல, அந்த மேசையப் பிரிக்கிறதுக்குள்ள ஒரு தபா ஒக்காரணும். ஆனா அந்த ஆளு பண்ணத எப்பிடி மறக்கறது? நைனா செத்ததுக்கு எனக்கு சேதி வரல. தாமல் செங்கல் சூளையில கல்லு அறுத்துக்கினு இருந்தேன். யாரோ சொல்லி ஓடியாந்தா, மண்ணு போட்டு மூடிட்டாங்க. மொகத்தக்கூடப் பாக்கல."

"சேதி சொல்ல நான் ஆளு அனுப்புனேன்னு சொல்லு. போனவன் வேற சூளையில தேடிட்டுத் திரும்பி வந்துட்டான். சித்திரை வெயிலு. பொணம் தாங்கல."

"அத அந்த ஆளே வந்து சொல்லட்டுமே! கௌரவம் கொறைஞ்சி பூடுமா?"

"என் வாசல மிதிக்காதன்னு மண்ண வாரித் தூத்துனது யாருன்னு கேளு."

"அய்ய, பேஜாராக் கீது உங்களோட!" என்றாள் புஷ்பா.

மார்த்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவத்துல சொன்னதுதான். இல்லன்னல. அதையே புடிச்சிக்கினு பதினாறு வருஷமும் வராத இருந்தா நான் இன்னா பண்றது? ஒவ்வொரு பண்டிகைக்கும் சோத்த வடிச்சி வெச்சிக்கினு தெருவப் பாத்துக்கினுதான் ஒக்காந்திருக்கேன். இவளையே கேளு."

புஷ்பாவைத் தாண்டி தானியேலிடமே நேராகச் சொல்லிவிட்டதை அவளே கவனிக்கவில்லை.

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப வந்தா பேசுவாளான்னு கேளு, புஷ்பா."

புஷ்பா கேட்கவில்லை. சும்மா நின்றாள்.

"மூஞ்சத் திருப்பிக்க மாட்டேன்னு சொல்லு" என்றாள் மார்த்தாள், தரையைப் பார்த்தபடி.

தானியேல் செருப்பைக் கழற்றினார். படலைத் தள்ளினார். நெல்லை மிதிக்காமல் ஓரமாக நடந்து, அவள் எதிரே வந்து நின்றார்.

"வந்துட்டேன், மார்த்தா."

"அண்ணே..."

அவர் பைக்குள் கைவிட்டு இரண்டு வில்லைகளை எடுத்தார். ஒன்றைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இன்னொண்ணு யாருக்குண்ணே?"

"எனக்குத்தான். ஊருக்கொரு நாயம், எனக்கொரு நாயமா? இத்தினி வருஷமும் பந்தியில பரிமாறுனதோட சரி, நானும் ஒக்காரல."