சலவை அறைப் படங்கள்

குடியிருப்பின் பொதுச் சலவை அறைச் சுவரிலிருந்து இரண்டாவது படமும் காணாமல் போனபோது, சிக்னேக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது மாடி ஹில்டிங்தான்.

முதலில் போனது, காட்டில் புளூபெர்ரி பறிக்கும் சிறுமி. இந்த வாரம், பனிமுயலுக்கு ரொட்டி நீட்டும் சிறுவன். எண்பது வருடப் பழசான அச்சுப் படங்கள். மொத்தம் நாலு; நாலையும் குடியிருப்புக்குக் கொடுத்தவளே சிக்னேதான். ஒவ்வொன்றின் கீழும் 'சிக்னேயின் அன்பளிப்பு' என்று பித்தளைத் தகடு வேறு அடித்து வைத்திருந்தாள். இப்போது இரண்டு இடத்தில் தகடு மட்டும் பல்லிளித்தது.

அந்தக் குடியிருப்பில் யாரும் யாரையும் நேரில் கேட்பதில்லை. பெயர் போடாமல் சீட்டு ஒட்டுவார்கள். கையெழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்வார்கள். சிக்னேயும் ஒட்டினாள். 'எடுத்தவர் யாரென்று தெரியும். திருப்பி வைத்துவிட்டால் மரியாதை.'

மறுநாள் அதன் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள். 'கொஞ்சம் பொறுங்கள்.'

சிக்னேக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் எந்த நாள் துவைப்பது என்று குறித்திருக்கும் சலவை முறைப் பலகையை ஆராய்ந்தாள். படம் போன இரண்டு வியாழக்கிழமையும் ஹில்டிங்கின் முறை. நேரே கீழ்வீட்டுத் தெக்லாவிடம் போய்க் கொட்டித் தீர்த்தாள்.

"நான் டீச்சரா இருந்த பள்ளிக்கூடத்துல இவர்தான் கட்டட மேற்பார்வை. அதை மூடினப்போ ஏதேதோ காணாமப் போச்சுன்னு ஊரே பேசுச்சு. சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

"நிரூபிச்சாங்களா?" என்றாள் தெக்லா.

"நிரூபிக்கணுமா? அப்புறம் ஒருத்தரும் அவரை வேலைக்கு வச்சுக்கலையே. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேரைச் சொல்லி, சலவை அறைச் சாவியை வாங்கிடப் போறேன்."

முதலில் ஒரு வார்த்தை நேரில் கேட்டுவிடேன் என்று தெக்லா கெஞ்சினாள். வேண்டாவெறுப்பாகத்தான் சனிக்கிழமை காலை சிக்னே மாடியேறினாள்.

கதவைப் பாதி திறந்த ஹில்டிங், அவளைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே திரும்பி மேஜை மேல் துண்டைப் போட்டு மூடினார். அது போதாதா சிக்னேக்கு? விறுவிறுவென்று உள்ளே போய்த் துண்டை இழுத்தாள்.

இரண்டு படங்களும் சட்டம் கழற்றிக் கிடந்தன. பக்கத்தில் வெள்ளை ரொட்டித் துணுக்குகள், பசை, பழுப்புக் காகிதம்.

"சலவை அறை ஆவியில கறுத்துப் போச்சு. ரொட்டியால ஒத்தி ஒத்தி எடுத்தா அழுக்கு வந்துடும்" என்றார் ஹில்டிங். சிறுமியின் கன்னம் பளிச்சென்று சிவந்திருந்தது.

சிக்னேக்கு வெட்கமாகப் போயிற்று. அதைக் காட்டிக்கொள்ளாமல், "சொல்லிட்டு எடுத்திருக்கலாமே. எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?" என்றாள்.

அவர் முயல் படத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் வட்டமாக ஊதா முத்திரை. அவர்களுடைய பழைய பள்ளிக்கூடத்தின் முத்திரை.

எப்படியும் குப்பைக்குத்தான் போகும் என்று, பள்ளி மூடிய வாரம் நாலு படங்களையும் அவள் காரில் ஏற்றிக்கொண்டு வந்தது சிக்னேக்கு நினைவு வந்தது. என்னென்ன காணாமல் போனது என்று அவள் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

"பள்ளிக்கூடச் சாமான் பட்டியல்ல நாலு படம்தான் குறைஞ்சுது" என்றார் ஹில்டிங். குரலில் கோபமில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

அவர் பழுப்புக் காகிதத்தில் பசை தடவி, முத்திரை மறையும்படி மேலே ஒட்டி, ஓரங்களை நிதானமாக நீவிவிட்டார்.

"மிச்ச ரெண்டையும் நீங்களே கழட்டிக் கொண்டாந்து கொடுத்துடுங்க, சிக்னே. நான் எடுத்தா திருட்டும்பாங்க."