ஃபுல் பவர்

"மாமா, இன்னிக்காவது அந்த ஃப்ளாஷ ஆட்டோவுல போடுவீங்களா?"

அவன் மனைவியின் தங்கை கேமரா பையோடு வாசலில் நின்று கேட்டாள்.

அவன் பல் தேய்த்தான். முகம் கழுவினான். சார்ஜரிலிருந்து நான்கு பேட்டரிகளை எடுத்து ஃப்ளாஷில் போட்டான். கைக்குட்டையை நான்காக மடித்து அதன் முகத்தில் வைத்து ரப்பர் பேண்ட் மாட்டினான். நான்கு மாதமாக இதே வரிசைதான்.

"கோவணம் கட்டியாச்சா?"

"வெளிச்சம் ஜாஸ்தி."

"குறைக்கத்தான் பின்னாடி பட்டன் வச்சிருக்கானே!"

"தெரியும்."

ஃப்ளாஷ் மேனுவலில், ஃபுல் பவரில் இருந்தது. எப்போது மின்ன வேண்டும் என்று சொல்லும் சிங்க் பட்டன் ரியரில். ஷட்டர் மூடப்போகும் கடைசிக் கணத்தில்தான் மின்னும். ஒரு நடன நிகழ்ச்சியில், ஆடுபவளின் கை அசைவு பின்னால் கோடாக விழட்டும் என்று அவன் மனைவி வைத்தது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன்பின் அந்தப் பட்டன்களை அவன் தொடவில்லை.

அன்று ஒரு தொழிற்சாலையில் இருநூறு பேருக்கு அடையாள அட்டைப் படம். கொடுத்த அறை சின்னது. அவன் முதுகு சுவரில் இடித்தது.

மேனேஜர் வெள்ளையாக வெளுத்துப்போன முதல் படத்தைப் பார்த்தார்.

"மூக்கு எங்க தம்பி?"

லென்ஸின் துளையை முடிந்தவரை குறைத்தான். இன்னொரு கைக்குட்டை கட்டினான். மூக்கு லேசாகத் தெரிந்தது. ஒவ்வொரு படத்துக்கும் பிறகு ஃப்ளாஷ் சார்ஜ் ஏற ஆறு விநாடி ஆனது. ஒன்பதாவது ஆளின்போது கருகிய வாடை வந்தது.

"வரிசை கேட் வரைக்கும் நிக்குது. இப்படியே போனா வேற ஆளக் கூப்பிட்டுக்கறேன்" என்றார் மேனேஜர்.

"இது போனா மூணாவது வேலை மாமா. ஸ்டூடியோவ மூட வேண்டியதுதான்."

அவள் பட்டனை நோக்கிக் கை நீட்டினாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தொடாத."

அவள் மேனேஜரிடம் திரும்பினாள். "எங்க அக்கா கடைசியா வச்ச செட்டிங் சார். மாத்த மாட்டேங்கறாரு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது.

"மாத்தாதீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்களா தம்பி?"

"இல்ல சார்."

"பின்ன என்னதான் சொன்னாங்க?"

வீட்டில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றே அவன் சொல்லி வந்தான். இப்போது ரப்பர் பேண்டைக் கழற்றினான். கருகிய கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டே சொன்னான்.

"'ஃப்ளாஷ ஃபுல் பவர்லயே விட்டுட்டேன். இப்பவே மாத்திடுங்க, மறந்துடுவீங்க.'"