இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள்

எங்கள் ஊரில் ஒரு டிராக்டரைக் களவாட முகமூடி வேண்டாம், இருட்டும் வேண்டாம். கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும். அதைத் தப்பாகப் பிடிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. ஊரே ஓடிவந்து உதவி செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு எவிட்சாவின் கொட்டகை முன்னால் வந்து நின்ற அந்நியனுக்கு இது தெரிந்திருந்தது போலும். தேவாலயத்தில் பூசை தொடங்கியிருந்தது. பதினொன்றுக்கு மணி அடித்தால் பெண்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அவன் கோபுரக் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு டிராக்டரின் இருக்கைக்கு அடியிலிருந்த பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

அறுபத்தொன்றாம் வருடத்து டீசல் டிராக்டர் அது. கணவன் போன பிறகு உழவுக்கும் விறகுக்கும் எவிட்சாவுக்கு அது ஒன்றுதான் கை கொடுத்தது. பிப்ரவரியில் ஒரு தடவை களவு போய், அவள் அழுததை ஊரே பார்த்தது. ஆகஸ்டில் பாழடைந்த செங்கல் சூளைக்குள் கிடைத்தது, பேட்டரி இரண்டும் இல்லாமல். திருடன் கிடைக்கவில்லை. போலீஸ் வந்தது, அவள் வீட்டு ரக்கியா சாராயத்தைக் குடித்தது, போய்விட்டது. இன்னொரு தடவை வண்டி போனால் அவள் பாடு அதோகதிதான்.

எங்கள் ஊர் ஆண்கள் பூசைக்குத் தவறாமல் போகிறவர்கள். வாசல் வரை போவார்கள். அங்கிருந்து அப்படியே சாராயக் கடைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அன்று முதலில் வந்தவர்கள் மாத்தோவும் பாவோவும்.

"யாருப்பா நீ?" என்றார் மாத்தோ.

"ஜாக்ரெப் மியூசியத்துலேர்ந்து வர்றேண்ணே. அம்மா வண்டிய எங்களுக்குக் குடுத்துட்டாங்க. பூசைக்குப் போயிருக்காங்க. பேட்டரிய மாட்டி நான் ஓட்டிட்டுப் போயிருவேன்."

கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று இருவரும் கேட்கவில்லை. அவன் இரண்டு பேட்டரிகளையும் ஒரே பக்கம் பார்க்க வைத்திருந்ததுதான் அவர்கள் கண்ணை உறுத்தியது.

"அட, ஒண்ணத் திருப்பி வைப்பா! இதோட பிளஸ்ஸும் அதோட மைனஸும் பக்கத்துல வந்தாத்தானே சேர்க்க முடியும்? ஆறும் ஆறும் சேர்ந்தாத்தான் பன்னெண்டு," என்றார் பாவோ. இரண்டையும் இணைக்க வீட்டிலிருந்து தன் சொந்தச் செம்புப் பட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். மாத்தோ ஒரு கேன் டீசலோடு வந்தார்.

"பாவம் எவிட்சா," என்றார் டீசலை ஊற்றிக்கொண்டே. "பிளஸ் எது, மைனஸ் எதுன்னு அவளுக்கு என்ன தெரியும்? மியூசியத்துலயாவது நல்லா இருக்கட்டும்."

கால் மணி நேரத்தில் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒன்பதாவதாக வந்தவர் வின்கோ, பழைய டிராக்டர் சங்கத்தின் தலைவர். இந்த வண்டியை விலைக்குக் கேட்டு மூன்று தடவை எவிட்சா வீட்டுப் படியேறியவர். மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியவர். மியூசியம் என்று கேட்டதும் அவர் முகம் தொங்கிவிட்டது. பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

இனி மிச்சம் இரண்டே முனை. ஒன்று ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டும், மற்றது வண்டியின் பாடிக்கு. பழைய கிளாம்புகளைத் திருடன் அவசரத்தில் அறுத்துவிட்டிருந்தான். அந்நியன் இரண்டு வயரிலும் ஒரே மாதிரிப் புதுக் கிளாம்பு போட்டான்.

"பாடிக்கு எதுண்ணே?"

"மைனஸ்!" என்றார்கள் எட்டுப் பேரும். எங்கள் ஊர் ஆண்கள் ஒரே குரலில் ஒன்றைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வின்கோ பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தார். அந்நியன் மைனஸைப் பாடியில் வைத்து முடுக்கினான். கோபுரக் கடிகாரத்தில் பதினொன்றுக்கு ஐந்து நிமிடம். அவன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டர் பட்டனில் விரலை வைத்தான்.

"யோவ், நிறுத்துய்யா!" வின்கோ பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். "டைனமோவக் கருக்கிடாத! இந்த வண்டிக்குப் பிளஸ்தான்யா பாடிக்கு!"

"தலைவரே, காலைலயே ஏத்திட்டீங்களா?" என்றார் பாவோ. "நம்ம ஊர்ல எந்த வண்டிக்குப் பிளஸ் பாடிக்குப் போகுது?"

"உனக்கென்னய்யா தெரியும்? நகரு!"

அவரே ஸ்பேனரைப் பிடுங்கினார். இரண்டு வயரையும் கழற்றினார், மாற்றிப் போட்டார், தட்டிப் பார்த்து முடுக்கினார். பட்டனையும் அவரே அழுத்தினார். ஒரே அழுத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சார்ஜ் முள் சரியான பக்கம் போய் நின்றது. பாவோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வின்கோவுக்குப் பெருமை தாங்கவில்லை.

தேவாலய மணி அடித்தது. அந்நியன் பதறவில்லை. என்ஜினை நிறுத்தினான்.

அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு எவிட்சா வெளியே வந்தாள். அவள் பூசைக்குப் போகவே இல்லை. கையில் மாவு ஒட்டியிருந்தது.

"பிப்ரவரில டைனமோ போச்சுன்னு வேற வண்டியோடத வாங்கி மாட்டுனேன். அதுக்குப் பிளஸ் பாடிக்கு வரணும்னு வயரையும் நானே மாத்திக் கட்டுனேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க ஒன்பது பேரும் வந்து நின்னுருப்பீங்க. நான் கட்டுன மறுநாளே கொட்டகை காலி. பிளஸ் பாடிக்குன்னு என்னத் தவிர வண்டியத் திருடுனவனுக்கு மட்டும்தான் தெரியும்." அவள் வின்கோவை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு யாரு சொன்னா, தலைவரே?"

வின்கோ கையிலிருந்த ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

அந்நியன் கருவிப் பையிலிருந்து போலீஸ் அட்டையையும் கைவிலங்கையும் எடுத்தான்; விலங்கை எந்தப் பக்கம் பூட்ட வேண்டும் என்று சொல்லித்தர மற்ற எட்டுப் பேரும் முன்னால் வந்தார்கள்.