உதைத்தால் ஓடும் ஃபேன்

இன்ஸ்பெக்டருக்குத் துப்பறியும் நாவல்கள் என்றால் உயிர். தன் மூளைக்கு ஏற்ற வழக்கு ஒன்று வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு இதுவரை வந்ததெல்லாம் காணாமல் போன சைக்கிள்கள்தான்.

கடைசியில் ஒரு கார் வந்தது.

நம்பர் பிளேட் இல்லாமல், சாவியோடு பாலத்தடியில் கிடந்த வெள்ளை கார். ஸ்டேஷன் முற்றத்தில் அதை நிறுத்திய மறுநாளே இரண்டு சொந்தக்காரர்கள் முளைத்துவிட்டார்கள். ஒருவர் வயதான பல் டாக்டர். ஆசைப்பட்டு வாங்கிய முதல் கார் என்று தழுதழுத்தார். இன்னொரு பக்கம் பூக்கடை நடத்தும் தம்பதி. வண்டி இல்லாமல் பூவெல்லாம் வாடுகிறது என்று புலம்பினார்கள். இரு தரப்புமே வண்டி திருட்டுப் போய்விட்டது என்றது. இரு தரப்பு காகிதங்களும் அச்சு அசலாக இருந்தன.

காகிதங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினால் எது போலி என்று தெரிந்துவிடும். ஆனால் கண்டுபிடித்த பெருமை அவர்களுக்குப் போய்விடுமே.

காரை முற்றத்துக்கு ஓட்டி வந்தபோது ஏசியில் காற்றே வராததை இன்ஸ்பெக்டர் கவனித்திருந்தார். அதையே தூண்டிலாக்கினார். தம்பதியை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

"உங்க வண்டியில ஏசி எப்படி, டாக்டர்?"

"பிரமாதமா இருக்கும் சார். காணாமப் போன அன்னைக்குக்கூட..."

இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினார். கேட்ட கேள்விக்கு மேல் ஒரு சொல் கூடினாலும் அவருக்குப் பிடிக்காது.

அடுத்து மனைவியோடு வந்த பூக்கடைக்காரரோ பெருமூச்சு விட்டார். ஏசி போட்டாலும் ஹீட்டர் போட்டாலும் காற்று வராது, இரண்டுக்கும் ஒரே ஃபேன் என்றார். ஃபியூஸைப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது. மோட்டார் வரை கரண்டும் வருகிறது. உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்துபோய் மோட்டார்தான் அடம்பிடிக்கிறது. டேஷ்போர்டுக்கு அடியில், இடது ஓரமாக ஓர் உதை விட்டால்தான் சுற்றும்.

"உதைக்கிறது நான்தான் சார்," என்றாள் மனைவி. "பழகிப்போச்சு."

"வண்டியை மட்டும்தானே?"

பூக்கடைக்காரர் தரையைப் பார்த்தார்.

எல்லோரும் முற்றத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் சுவிட்சை எல்லா வேகத்திலும் திருப்பிப் பார்த்தார். சத்தமே இல்லை. அவள் உட்கார்ந்து, பார்க்காமலேயே ஓர் உதை விட்டாள். ஃபேன் சீறிக்கொண்டு கிளம்பியது. அடைந்து கிடந்த தூசியெல்லாம் இன்ஸ்பெக்டரின் மீசையில் வந்து படிந்தது.

தன் வண்டியில் ஃபேன் நன்றாகத்தான் ஓடியது என்று டாக்டர் மறுபடியும் ஆரம்பித்தார்.

"பேப்பரை யார் வேணும்னாலும் தயார் பண்ணலாம், டாக்டர். வண்டியோட நோய் சொந்தக்காரங்களுக்குத்தான் தெரியும்," என்றார் இன்ஸ்பெக்டர். வயதைப் பார்த்து வழக்குப் போடாமல் விடுவதாகச் சொல்லி, இனிமேலாவது நேர்மையாக இருக்கும்படி அறிவுரையும் வழங்கினார்.

தம்பதியோடு கார் வாசலைத் தாண்டியது. வெயிலில் தனியாக நின்ற டாக்டரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாவங்க அவரு, பொய்யே சொல்லல. நாம திருடினதுக்கு அப்புறம்தானே இது கெட்டுப்போச்சு."