மூன்றாவது கோரிக்கை

"அந்தக் கத்தல் கத்துறவன் ஆரெண்டு முதல்லை பிடிக்கவேணும், பிள்ளை."

தியாகலிங்கம் மாமா நிசாந்தினி வீட்டுக் கதிரையில் இருந்து ஒரு வாய் தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை, அதற்குள் விசயத்துக்கு வந்துவிட்டார். சரவணை ஊர்க் கோயிலில் திருவிழா என்றால் மைக் அவர் கையில்தான். அடுத்த கிழமை கந்தசஷ்டி. தொண்டை கட்டிவிடக்கூடாது என்று கற்கண்டைச் சப்பியபடியே பேசினார்.

அவருடைய மருமகன் போனில் ஒரு வாள்சண்டை கேம் விளையாடுகிறாராம். அதில் வெட்டுப்பட்டவன் சாகும்போது ஒரு கத்தல் கத்துவானாம். ஒன்பது வயதுப் பேத்தி கஜானி அதைக் கேட்டுப் பழகி, வீட்டுப்பாடம் செய்யச் சொன்னால் அதே மாதிரிக் கத்திக்கொண்டு நிலத்தில் விழுகிறாள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் விழுகிறார்களாம். கேமைச் செய்த வெளிநாட்டுக் கொம்பனிக்கு ஊர் சார்பில் ஒரு கடிதம் போகவேண்டும். அதை இங்கிலீசில் எழுத நிசாந்தினியை விட்டால் வேறு ஆள் இல்லை.

நிசாந்தினி பேப்பரும் பேனையும் எடுத்து வந்தாள். அந்தக் கொம்பனிக்கு வீட்டில் இருந்தபடியே சத்தம் செய்துகொடுப்பவள் அவள்தான்.

ஊரைப் பொறுத்தவரை அவளுக்குக் கொம்பியூட்டர் வேலை. உண்மையில் அது பனம்பழ வேலை. பழுத்த பனம்பழத்தைப் பிசைந்தால் குடல் சரியும் சத்தம் வரும். காய்ந்த பனைமட்டையை முறித்தால் முதுகெலும்பு. ஈரச் சாக்கைச் சுவரில் ஓங்கி அடித்தால் விழுகிற பிணம். பட்டம் வாங்கிவிட்டுப் பின்வளவில் சாக்கு அடிக்கிறாயே என்று தன்னைத் தானே நக்கலடித்துக்கொள்வாள். இன்றைக்கு அந்த நக்கலும் உதவவில்லை. இது வெளியில் வந்தால், மாமா மைக்கில் சொல்ல, அம்மா இனிக் கோயில் பக்கம் போகமுடியாது.

"எழுதும். ஒண்டு, கேமை நிப்பாட்டவேணும். ரெண்டு, மன்னிப்புக் கேக்கவேணும். மூண்டு, அந்தக் கத்தலுக்குச் சொந்தக்காரன்ரை பேரை உலகம் பாக்கப் போடவேணும்."

அவள் எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதினாள். தன்னைத் திட்டும் வசனம் கொஞ்சம் சப்பென்று இருப்பதாகப் பட்டு, அதைக் காரமாக மாற்றியும் எழுதினாள்.

பிறகு மெல்லக் கேட்டாள். "சத்தம் மட்டும் குடுத்த ஆளிலையும் பிழை இருக்கோ மாமா? வெட்டுறது விளையாடுறவர்தானே."

"சத்தம் இல்லாட்டி அது என்ன வெட்டு? பயம் முழுக்கச் சத்தத்திலைதான் இருக்கு. எனக்குத் தெரியாதே?" மாமா கற்கண்டை மறுபக்கக் கன்னத்துக்கு மாற்றினார். "சின்னப்பிள்ளையள் கேக்கிற இடத்திலை, சாகிற மாதிரிக் கத்த ஒருத்தனுக்கு எப்பிடி மனம் வரும்?"

அதற்கு மேல் நிசாந்தினியால் தாங்க முடியவில்லை. பனம்பழம், மட்டை, சாக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மாமா வாய் திறந்தபடி இருந்தார். கற்கண்டு விழாதது அதிசயம்.

"அப்ப அந்தக் கத்தலும் நீரோ?"

"இல்லை மாமா. அதுமட்டும் எனக்குச் சரிவரேல்லை. நான் கத்தினால் பூனையை மிதிச்ச மாதிரி இருக்கு. அது போன வருசம் வெளியிலை பதிஞ்சது. ஆளிட்டைக் கேக்காமல் பதிஞ்சு அனுப்பிப்போட்டன். அதுதான் பெரிய பிழை."

"ஆர் ஆள்?"

அவள் கொம்பியூட்டரில் அந்தப் பதிவைத் தட்டினாள்.

முதலில் மேளம் கேட்டது. பிறகு சங்கு. ஆயிரம் பேர் 'அரோகரா' என்றார்கள். வேல் பாய்ந்த அந்தக் கணத்தில், ஒலிபெருக்கி அதிர எழுந்தது அந்தக் கத்தல். கோயில் சூரன்போரில், இருபது வருசமாகச் சூரன் சிலைக்குப் பின்னால் மைக்கோடு நின்று அப்படிச் சாகிறவர் தியாகலிங்கம் மாமாதான்.

அவர் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு கடிதத்துக்காகக் கையை நீட்டினார். கிழிக்கப்போகிறாரா, கோயிலுக்கே கொண்டுபோகப்போகிறாரா என்று தெரியாமல் நிசாந்தினி அதைக் கொடுத்தாள்.

மாமா கண்ணாடியைப் போட்டு அதை ஆற அமர வாசித்தார்.

"முதல் ரெண்டையும் எடுத்துவிடும், பிள்ளை," என்றார். "மூண்டாவது அப்பிடியே போகட்டும். என்ரை பேரை முதலெழுத்தோடை போடச் சொல்லும்."