துபாய் விமானத்தின் படம்

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில், மொட்டை மாடியில் கொடித்துணிகளை ஒதுக்கிவிட்டு ஃபரா கேமராவோடு நிற்கிறாள். அண்ணன் அக்தர் போகும் துபாய் விமானம் இன்னும் கிளம்பவில்லை. அதற்கு முன் போன விமானம் படத்தில் கலங்கிவிட்டது. ஷட்டர் வேகத்தை ஏற்றினால் படம் இருட்டாகிறது. படத்துக்கு வெளிச்சம் தரும் ஐஎஸ்ஓவைக் கூட்டுகிறாள், குறைக்கிறாள், மறுபடி கூட்டுகிறாள். ஒவ்வொரு இரைச்சலுக்கும் அம்மா ஷம்சாத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “இதுவா?” என்கிறாள். “இல்லம்மா, சும்மா இரு.” மாடி அதிர துபாய் விமானம் வருகிறது. ஃபரா விமானத்தோடேயே கேமராவைத் திருப்பி அழுத்துகிறாள். சக்கரம்கூடத் தெளிவாக விழுந்திருக்கிறது. கேமராத் திரையிலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறாள். அம்மா விரல்களால் படத்தைப் பெரிதாக்குகிறாள், இன்னும் பெரிதாக்குகிறாள். ஜன்னல்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன. “அக்தர் எந்த ஜன்னல்லடி இருக்கான்?” நடு சீட்டுதான் கிடைத்தது என்று அவன் அனுப்பிய செய்தியை ஃபரா இன்னும் சொல்லவில்லை.