புகை வெளுத்த வாரம்

அந்த அரிசி ஆலைப் புகைபோக்கிக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. ஆலைக் கூரையில் குஞ்சு பொரித்திருந்த சிட்டுக்குருவி ஒருநாள் கேட்டேவிட்டது.

"அண்ணே, குஞ்சுகளுக்கு மூச்சு முட்டுது. புகையைக் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"அடி போடி! நான் கறுப்பாக் கக்கினாத்தான் ஊர் செழிக்கும். புகை குறைஞ்சா ஆலை படுத்துடும். அப்புறம் களத்துல உனக்கு ஒரு நெல்மணி கிடைக்குமா?"

அது உண்மைதானா என்று குருவிக்குத் தெரியவில்லை. தெரியாமல் இருக்கவும் பிடிக்கவில்லை. நேராக அடுப்படிக்குப் பறந்துபோய் எட்டிப் பார்த்தது. ஈர உமியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி உமி சரியாக எரியாமலே புகையாகிக்கொண்டிருந்தது.

மறுவாரம் உமி போதாமல் போகவே, இருந்ததை வெயிலில் காயவைத்துப் போட்டார்கள். பாதி உமியிலேயே நெல் வெந்தது. புகை வெளுத்து, நூலாய் இளைத்தது.

"போச்சு, ஊரே போச்சு!" என்று அலறியது புகைபோக்கி.

குருவி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "அண்ணே, வழக்கத்தைவிட ரெண்டு லாரி அரிசி கூடவே போயிருக்கு."

"இந்தப் புகையை வெச்சுக்கிட்டா? அரிசி எப்படிடி வெளியே போச்சு?"

"கீழ்வாசல் வழியாத்தான். உங்க வழியா என்னைக்கு அண்ணே அரிசி போச்சு?"